சைக்கிள் இருக்கிறதா என்று கேட்டார்கள்

“எழுத்துல நீ கெட்டிக்காரிதாம்மா. ஆனா வாயத் தொறந்தா உனக்கு ஒரு வார்த்தைக்கு மேல வராது. இன்னொரு தடவை எழுதினாலும் அதேதான். உங்க வீட்டு வளர்ப்பு அப்படி.”

இதைச் சொன்னவர் சைகோனின் பூ மி ஹங் பகுதியில் நான் வேலை பார்த்த பள்ளியின் போக்குவரத்து மேற்பார்வையாளர். சென்னைக்காரர். கணவரின் வேலைக்காகச் சைகோனுக்கு வந்தவர். நான் அந்தப் பள்ளியின் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, பெல்ட் மாட்டி, வாந்தி எடுத்தால் துடைத்துவிடும் பெண். தமிழ் பேசுகிறவள் என்பதால் என் மேல் அவருக்குத் தனிப் பிரியம் உண்டு. தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே, வருத்தத்தோடுதான் அப்படிச் சொன்னார். கெட்ட மனதோடு சொல்லியிருந்தால் நான் திருப்பிக் கொடுத்திருப்பேன். பிரியமாகச் சொன்னதால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

மழலையர் வகுப்புக்கு உதவி ஆசிரியை வேண்டும் என்று பள்ளியில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஆங்கிலத் தேர்வில் படிப்பது, எழுதுவது, கேட்பது, பேசுவது என்று நான்கிலும் குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தாண்ட வேண்டும். மூன்றில் தாண்டியிருந்தேன். எழுத்தில் எனக்குக் கிடைத்த மதிப்பெண்ணைப் பார்த்து அலுவலகத்துப் பெண் இரண்டாம் முறை காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பேச்சில் தரைமட்டம். அறிவிப்பை அந்தப் பருவம் முடியும் வரை எடுக்க மாட்டார்கள். அதற்குள் மறுபடி எழுதித் தேறினால் வகுப்பறை. இல்லாவிட்டால் பஸ்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான் ஒருத்திதான். அப்பா எந்த மொழியிலும் தன் பெயரை மட்டும் எழுதுவார். அம்மா பஸ் எண்களைப் படிப்பாள். நான் வியட்நாமிய மொழியில் பள்ளி முடித்து, ஆங்கிலத்தைச் சொந்த முயற்சியில் படித்து, தமிழ் எழுத்தை நகர மையமான டிஸ்ட்ரிக்ட் 1இல் உள்ள தமிழர் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்ப் பிடித்துக்கொண்டவள். இதைத் தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். பெருமைதான்.

முதல் தடவை பேச்சுத் தேர்வு டிஸ்ட்ரிக்ட் 1இல் ஒரு ஹோட்டல் அறையில் நடந்தது. எதிரே கழுத்துப்பட்டை கட்டிய வழுக்கைத் தலைக்காரர். மேசையில் பேச்சைப் பதிவு செய்யும் சின்ன இயந்திரம், அதில் சிவப்பு விளக்கு. என் பெயரைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு, “சைக்கிள் பற்றிப் பேசலாம்” என்றார்.

“உங்களிடம் சைக்கிள் இருக்கிறதா?”

“யெஸ்.”

அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

“அடிக்கடி ஓட்டுவீர்களா?”

“நோ.”

“எப்போது ஓட்டக் கற்றுக்கொண்டீர்கள்?”

“சின்ன வயதில்.”

“யார் கற்றுக்கொடுத்தார்கள்?”

“அப்பா.”

“உங்கள் நகரத்தில் நிறையப் பேர் சைக்கிள் ஓட்டுகிறார்களா?”

“முன்பு ஓட்டினார்கள்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கேள்விகள் தீர்ந்துவிட்டன, நேரம் தீரவில்லை. அவர் முகத்தில் ஒரு தவிப்பு தெரிந்தது. எனக்கு எந்தத் தவிப்பும் இல்லை. ஒரு பிழை விடவில்லை, ஒரு சொல் தடுக்கவில்லை. வெளியே வந்து ஒரு கரும்புச்சாறு வாங்கிக் குடித்தேன். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததை ஒப்பித்தபோது அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். அப்பா ஆட்டுக்கறிக் குழம்பு விற்கும் கடைகளுக்கு மசாலாப் பொடி கொண்டுபோய்க் கொடுப்பவர். காரைக்காலிலிருந்து வந்த குடும்பம், அவர் பிறந்தது இங்கேதான். பொடி மூட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

“சைக்கிள் இருக்கான்னு கேட்டானா?”

“ஆமாப்பா.”

“யெஸ்னு மட்டும்தான சொன்ன? வேற ஒண்ணும் சொல்லலையே?”

“சொல்லல.”

“சரியாத்தான் சொல்லியிருக்க.”

அடுப்படியிலிருந்து அம்மா சிரித்தாள். “சோய் ஓய், கடவுளே! அப்பனுக்குப் புள்ள தப்பாம பொறந்திருக்கு. இவரு என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பா கேட்டாரு, ‘புடிச்சிருக்கா தம்பி’ன்னு. இவரு ‘ம்’னாரு. அந்த ஒரு ‘ம்’முக்குத்தான் நான் இன்னிவரைக்கும் சோறாக்கிப் போடுறேன்.”

“ம்” என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. வட்டார அலுவலகத்திலிருந்து, நாங்கள் ஃபூங் ஆபீஸ் என்போம், வீட்டுப் பதிவைச் சரிபார்க்க ஆள் வரும்போதெல்லாம் அப்பா கதவருகில் நிற்பதைப் பார்த்தே வளர்ந்தோம். வீட்டில் எத்தனை பேர் என்றால் எண்ணிக்கை. என்ன தொழில் என்றால் பொடி வியாபாரம். என்ன பொடி, எங்கே அரைப்பது, யாருக்கு விற்பது என்பதெல்லாம் அவர்களே கேட்டால்தான். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், கேட்காததற்குச் சொல்லக் கூடாது. பதில் சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு எதிராளியின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர்தான் முதலில் கண்ணை விலக்குவார். சின்னப் பிள்ளையிலேயே எனக்கு இது நன்றாக வரும்.

இப்படி ஆனதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணமும் ஒரு சைக்கிள்தான்.

போர் முடிந்து சைகோன் கம்யூனிஸ்டுகள் கையில் விழுந்தபோது அப்பாவுக்கு மீசை அரும்பிய வயது. அவர் வேலை பார்த்த செட்டியார் கடையின் முதலாளி ஊருக்குக் கிளம்பும்போது தன் சைக்கிளை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனார். பெட்ரோல் கிடைக்காத காலம். காரையும் ஸ்கூட்டரையும் மூலையில் போட்டுவிட்டு ஊரே சைக்கிளில் இறங்கியிருந்தது. சைக்கிள் வைத்திருப்பவனுக்குத்தான் பிழைப்பு. ஒரு நாள் தெருமுனையில் கையில் புதிய அரசின் சிவப்புப் பட்டை கட்டிய ஒருவர் அப்பாவை நிறுத்தினார். அதட்டவில்லை. சிரித்துக்கொண்டே தோளில் கைபோட்டுக் கேட்டார்: “உன் சைக்கிளா தம்பி?”

அப்பா நல்ல பிள்ளையாக இருக்க ஆசைப்பட்டார். “ஆமாம் அண்ணா. எங்க முதலாளி இந்தியாவுக்குப் போகும்போது என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அவர் வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.”

ஆமாம் என்பதோடு நிறுத்தியிருந்தால் அது அப்பாவின் சைக்கிள். அதற்குப் பிறகு வந்த வார்த்தைகளால் அது நாட்டை விட்டுப் போன வெளிநாட்டு முதலாளியின் சொத்து ஆகிவிட்டது. அந்த மனிதர் சிரிப்பு மாறாமலே அதை உருட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பல வருடங்கள் அப்பா மூட்டையைத் தோளில் வைத்து நடந்தே பொடி விற்றார்.

ஆக, மேற்பார்வையாளர் சொன்னது சரிதான். வளர்ப்பு அப்படித்தான். அந்த வளர்ப்புக்காக நாங்கள் ஒரு சைக்கிளையே கொடுத்திருக்கிறோம். அதை யாரும் இளக்காரமாகப் பேசுவதை நான் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அதே சமயம் அந்த வளர்ப்போடு பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்கவும் நான் தயாராக இல்லை.

பேச்சுத் தேர்வுக்கென்றே பயிற்சி கொடுக்கும் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியை வியட்நாமியப் பெண், என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர், வாயில் எப்போதும் இஞ்சி மிட்டாய். தேர்வு எழுதிவிட்டு வரும் மாணவர்களை வாசலிலேயே பிடித்து என்ன கேட்டார்கள் என்று விசாரித்துவிடுவார். அதே கேள்விகளைச் சில மாதங்களுக்கு மாற்றாமல் கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். “இந்தப் பருவம் சைக்கிள்தான் ஓடுகிறது” என்றார், ஏதோ சந்தையில் மீன் வரத்தைச் சொல்வது போல.

என்னை எழுப்பி நிறுத்திக் கேட்டார்: “உன்னிடம் சைக்கிள் இருக்கிறதா?”

“யெஸ்.”

“அப்புறம்?”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளினார்.

“அம்மா தாயே, நான் தேர்வு வைக்க வந்திருக்கிறேன். ஃபூங் போலீஸ் இல்லை.”

வகுப்பே வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சுற்றிப் பார்த்தபோதுதான் விளங்கியது, அங்கே இருந்த எல்லோர் வீட்டுக் கதவிலும் யாரோ ஒரு அப்பா அப்படி நின்றிருக்கிறார். யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு வராதது ஆங்கிலம் இல்லை. இத்தனை நாள் யாருக்குப் பதில் சொல்கிறேன் என்று தெரியாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆசிரியை முறையைச் சொல்லிக்கொடுத்தார். முதலில் பதில். பிறகு ஏன் என்று ஒரு வாக்கியம். பிறகு எப்போது, எங்கே, யாரோடு என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது. அத்தோடு ஒரு தாளும் கொடுத்தார். அதில் சைக்கிள் கேள்விகளுக்கு நீளமான பதில்கள் தயாராக இருந்தன. சைக்கிள் சுற்றுச்சூழலுக்கு நல்லது. சைக்கிள் உடலுக்கு நல்லது. வார இறுதிகளில் நண்பர்களோடு பூங்காவில் சைக்கிள் ஓட்டுவது எனக்கு மிகவும் பிடிக்கும்.

வரிசையாக எல்லோரும் அதையே ஒப்பித்தார்கள். எல்லோரும் வார இறுதியில் அதே பூங்காவுக்குப் போனார்கள். என் முறை வந்தபோது நான் தாளை மடித்தேன்.

“நான் சுற்றுச்சூழலுக்காகச் சைக்கிள் ஓட்டவில்லை. எங்கள் சந்துக்குள் பஸ் வராது, அதனால் ஓட்டினேன்.”

“உண்மையா பொய்யா என்று யார் கேட்டார்கள்? நீளமாக இருந்தால் போதும்” என்றார் ஆசிரியை.

“என் உண்மையே நீளமாகத்தான் இருக்கிறது.”

“அப்படியானால் அதைச் சொல். சொல்லமாட்டேன் என்று நிற்கிறாயே, அதுதானே பிரச்சினை” என்று விட்டுவிட்டார்.

சொல்வது என்று முடிவு செய்தேன். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டிய விஷயமில்லை. ஆனால் பாதிக் கதை அப்பாவுடையது. அவருக்குத் தெரியாமல் சொல்ல எனக்கு மனமில்லை. சாப்பிடும்போது சொன்னேன்.

“அப்பா, அடுத்த தடவை சைக்கிளப் பத்திக் கேட்டா, உங்க சைக்கிள் கதையத்தான் சொல்லப்போறேன்.”

அப்பா கை சோற்றிலேயே நின்றது. “மெஷின் வச்சிருந்தாங்கன்னு சொன்னல்ல?”

“ஆமா, வச்சிருப்பாங்க.”

“அப்ப வாய மூடிக்கிட்டு இரு.”

“அவங்க எதையும் புடுங்க வரலப்பா.”

“அன்னிக்கு வந்தவனும் சிரிச்சுக்கிட்டேதான் வந்தான்.”

“உங்க காலம் வேற.”

“காலம் வேறதான். கேள்வி அதேதான கேக்குறான்?”

அம்மா மோரை ஊற்றிக்கொண்டே, “புள்ளைக்கு வாத்தியார் வேல கெடைக்கணுமா, உங்க சைக்கிள் ரகசியம் காக்கணுமா? செட்டியாரு இனிமே வந்து கேக்கப்போறாராக்கும்” என்றாள். அப்பா அவளை முறைத்தார்.

நான் எழுந்துவிட்டேன். “நீங்க வேணாம்னு சொன்னாலும் சொல்லுவேன். ‘யெஸ்’னு சொல்லிச் சொல்லி நீங்க காப்பாத்துனது போதும். காப்பாத்துனதாலதான் நான் படிச்சேன். படிச்சவ பேசணும். ஒரு கறுப்பு சைக்கிள் போனதுக்காக இந்த வீட்டுல எல்லாரும் ஊமையா இருக்க முடியாது.”

அப்பாவிடம் அவ்வளவு சத்தமாக அதற்கு முன் பேசியதில்லை. இன்றும் அதற்காக வருத்தப்படவில்லை. கை கழுவப் போனேன். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

“கறுப்பு இல்ல.”

“என்னது?”

“பச்ச. கறுப்புச் சைக்கிள்னு சொல்லாத. இல வாடுனாப்ல ஒரு பச்ச. சொல்றதுன்னா சரியாச் சொல்லு.”

பிறகு அவர் நிறுத்தவில்லை. முன் விளக்கு பிரெஞ்சுக்காரன் செய்தது, சக்கரத்தோடு உரசி எரியும் டைனமோ, வேகமாக மிதித்தால் வெளிச்சம் கூடும், நின்றால் அணைந்துவிடும் என்றார். பின் கேரியரில் செட்டியார் தன் விரிப்புத் துணியை மடித்துப் போட்டிருப்பாராம். சீட்டைத் தாழ்த்த முடியாததால் அப்பா நுனிக்காலால் மிதிப்பாராம். பறிபோன பிறகும் அவர் அதைப் பல தடவை தெருவில் பார்த்திருக்கிறார். யாரோ ஒருவர் அதில் வாத்து கட்டிக்கொண்டு போவாராம். ஒரு முறை பின்னாலேயே பாலம் வரை நடந்து போனாராம்.

“கூப்பிட்டு நிறுத்தலையா?”

“என்னன்னு கூப்புட?”

தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. அம்மா மோர்ச் செம்பைக் கையில் வைத்தபடியே நின்றாள். இவ்வளவு வருடத்தில் இந்தப் பாலத்துக் கதை அவளுக்கும் தெரியாது என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

இரண்டாம் தடவை வேறு தேர்வாளர். முகமெல்லாம் பழுப்புப் புள்ளிகள் உள்ள நடுத்தர வயதுப் பெண். அதே மாதிரி இயந்திரம், அதே சிவப்பு விளக்கு. முதலில் வேலை பற்றிக் கேட்டார். பிறகு தாளைப் புரட்டிவிட்டு, “இப்போது சைக்கிள் பற்றிப் பேசலாமா? உங்களிடம் சைக்கிள் இருக்கிறதா?” என்றார்.

நாக்கு பழக்கத்தில் ‘யெஸ்’ என்றது. உதடுகள் பழக்கத்தில் மூடப்போயின. நான் மூடவிடவில்லை.

“இருக்கிறது. நீல நிறம், சங்கிலி அடிக்கடி கழன்றுவிடும். அதில்தான் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசல் வரை போன முதல் சைக்கிள் அது. ஆனால் அதற்கு முன்பு என் அப்பாவிடம் ஒரு பச்சைச் சைக்கிள் இருந்தது. ஒரு கேள்விக்குத் தேவைக்கு மேல் பதில் சொன்னதால் அதை இழந்தார். அதனால் எங்கள் வீட்டில் சைக்கிள் பற்றி யார் கேட்டாலும் ஆமாம் என்று மட்டும் சொல்லப் பழகியிருக்கிறோம். போன தடவை தேர்விலும் நான் அப்படித்தான் சொன்னேன், தோற்றேன். ஆங்கிலம் தெரியாததால் தோற்கவில்லை. அந்தச் சைக்கிள் இன்னும்...”

“நன்றி” என்று அவர் கை காட்டி நிறுத்தினார். நேரக் கணக்கு அப்படி. எவ்வளவு நன்றாகப் பேசினாலும் முதல் பகுதியில் வெட்டித்தான் ஆக வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக, பேசியது போதும் என்று ஒருவர் என்னிடம் சொல்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும். அவர்கள் சிரிக்கக் கூடாது, உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“மக்கள் ஏன் சைக்கிள் ஓட்ட விரும்புகிறார்கள்?”

இங்கேதான் சுற்றுச்சூழல் வர வேண்டும். அன்று காலையிலிருந்து அந்த அறையில் எத்தனை பேர் அதைச் சொல்லியிருப்பார்கள்!

“எல்லோரும் விரும்பி ஓட்டுவதாக நான் நினைக்கவில்லை” என்றேன். “நான் வேலை பார்க்கும் பூ மி ஹங்கில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு கூட்டமாக ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு விருப்பம். அதே சாலையில் ஒரு அம்மாள் துடைப்பங்களும் பிளாஸ்டிக் கூடைகளும் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார். ஏறி உட்கார அதில் இடம் இல்லை. அவரிடம் சைக்கிள் ஓட்டப் பிடிக்குமா என்று கேட்டால், எப்போது ஓட்டினேன் என்று திருப்பிக் கேட்பார். என் அப்பாவும் அவர் கட்சிதான். எனவே விருப்பம் என்பது உட்கார இடம் கிடைத்தவர்களைப் பொறுத்த விஷயம்.”

அங்கேயும் வெட்டினார். ஆனால் கொஞ்சம் தாமதித்துத்தான் வெட்டினார்.

வீட்டில் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். “சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன். பச்சைன்னே சொன்னேன்.”

“பேர், விலாசம் ஏதாச்சும் கேட்டாங்களா?”

“பேரு மட்டும், ஆரம்பத்துல. எல்லாரையும் கேப்பாங்க.”

“எதையும் எடுத்துக்கலையே?”

“இல்லப்பா. தேங்க்யூன்னாங்க.”

அவர் நம்பினாரா என்று சொல்ல முடியாது. உள்ளே போய் என் நீலச் சைக்கிளைத் ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பூட்டினார். பொதுவாக அதை யாரும் பூட்டுவதில்லை.

மதிப்பெண் வந்தது. வேண்டியதைவிடக் கூடுதலாகவே வந்தது. மேற்பார்வையாளர் தாளைப் பார்த்து, “அட, எப்படிம்மா?” என்றார். உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். எப்படி என்று கேட்டதால் எப்படி என்று முழுதாகச் சொன்னேன், செட்டியாரிலிருந்து பாலம் வரை. மதிய பஸ் கிளம்பும் நேரம் ஆகிவிட்டது என்று ஓட்டுநர் ஹாரன் அடிக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

இப்போது நான் மழலையர் வகுப்பில் இருக்கிறேன். பிள்ளைகள் என்னைக் ‘கோ’ என்கிறார்கள், டீச்சரைக் கூப்பிடுவது போலவே. ஆனால் நான் டீச்சர் இல்லை. உதவி ஆசிரியை என்பவள் வகுப்பின் பின்பக்கம் நின்று, மூக்கு சிந்திவிட்டு, பசை டப்பாவை மூடுகிறவள். கதை சொல்லும் நேரத்தில் முன்னால் உட்கார்ந்து புத்தகத்தை விரிப்பது வேறொருத்தி. அவளிடம் பட்டம் இருக்கிறது. வித்தியாசம் அது ஒன்றுதான். அந்தக் கதைகளை அவளைவிட நான் நன்றாகச் சொல்வேன். இதையும் அடக்கத்துக்காக மறைக்கப்போவதில்லை.

சேர்ந்த முதல் மாதமே கல்வியியல் கல்லூரியின் மாலைப் பிரிவுக்கு விண்ணப்பம் போட்டேன். நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் ஆசிரியை ஆக வேண்டும் என்று ஒருவர் கேட்டார். நான் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய தேநீர் ஆறிப்போனது. இடம் கொடுத்தார்கள். போன செவ்வாய்க்கிழமை முதல் வகுப்பு, பாடம் குழந்தைகளின் பேச்சு வளர்ச்சி. முன் வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. போய் உட்கார்ந்துவிட்டேன்.